மேல் மட்டும்

சாகவேண்டிய தரணிதரன் சாகாமல் வீடு வந்து சேர்ந்தபோது அவன் மனைவி கோகிலவாணிக்குச் சந்தோஷம் வரவில்லை. அப்புறம் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முறையாகவே வந்தது. ஆனால் முதலில் வந்தது பயம்.

"உன்ற கனெக்டர் சூப்பர் கோகி," என்றான் அவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "வடவள்ளில பஸ்ஸை விட்டு எறங்கறேன், பெல்ட்டு கீ கீங்குது. பாத்தா பேக்கு காலி. மாத்துக்கடைக்குப் போனா, ஓனரு பொண்ணுக்குக் கல்யாணம்னு பூட்டிக் கெடக்குது. சரி, முடிஞ்சுதுன்னு டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டேன். டீ மாஸ்டர்தான் அங்க நின்ன ஸ்கூட்டர்ல இருந்து ஒரு பேக்கை உருவிட்டு வந்து சொருகினாரு. டக்குனு ஒக்காந்துது."

"பொருந்தாதுங்க."

"பொருந்துச்சு."

"ஸ்கூட்டர் பேக் பொருந்தவே பொருந்தாது. பொருந்தாம பண்ணினவளே நான்தான்."

"பொருந்துனதாலதான் உன்ற முன்னாடி நிக்கறேன். வேணும்னா திரும்பிப் போய்ச் செத்துட்டு வரட்டுமா?"

கோகிலவாணி அவனுடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்து, அதில் பேக் இல்லாமல் சும்மா தொங்கிய இன்னொரு வயரின் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் இருக்கவேண்டிய வரம்பு, உளுந்துப் பருப்பு அளவுக்கு ஒரு சின்ன மேடு, மேல் பக்கம் இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. கோயமுத்தூர் பம்புக்குப் பேர்போன ஊர். கிணற்றில் இறக்குகிற பம்பு, வயலுக்குப் பாய்ச்சுகிற பம்பு, மாடிக்கு ஏற்றுகிற பம்பு என்று செய்து பழகிய ஊரில், நெஞ்சுக்குள் வைக்கிற பம்பும் ஒருநாள் வந்து சேர்ந்தது. யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. முதல் நோயாளியிடம் பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்டது, "எத்தனை எச்.பி.ங்க?" என்பதுதான். பத்து வருஷத்தில் மாவட்டத்தில் மட்டும் முப்பதாயிரம் பேர் நெஞ்சில் பம்போடும் இடுப்பில் பேட்டரி பேக்கோடும் உலாவினார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது எங்காவது ஒரு இடுப்பு கீ கீ என்னும். பக்கத்தில் இருப்பவர், "மாத்திட்டு வந்து சாப்புடுங்க, எலையைப் பாத்துக்கறேன்" என்பார்.

பேக் எல்லாம் ஒரே டப்பா. அடுக்கு டிபன் கேரியரில் ஒரு கிண்ணம் அளவு. ஸ்கூட்டருக்கு நாலு, ஃபிரிட்ஜுக்கு ரெண்டு, நெஞ்சுக்கு ஒன்று. பெல்ட்டில் மட்டும் இரண்டு வயர், புதுப் பேக்கைச் சொருகியபிறகு பழையதைக் கழற்றுவதற்காக. காலியானதைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்ளும் கடைக்கு ஜனங்கள் மாத்துக்கடை என்று பேர் வைத்தார்கள். ஆனால் ஸ்கூட்டர் பேக் வேறு, நெஞ்சுப் பேக் வேறு. ஸ்கூட்டர் பேக்கின் வாய், ஆயிரக்கணக்கான தடவை சொருகி உருவித் தளர்ந்து போயிருக்கும். வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது உள்ளே தொடர்பு விட்டு விட்டு ஒட்டும். கண்ணை மூடித் திறப்பதில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். ஸ்கூட்டருக்கு அது தெரியவே தெரியாது. நெஞ்சுப் பம்புக்குத் தெரியும். அது நின்றுபோய், தன்னைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பிக்கப் பதினோரு விநாடி ஆகும். அந்தப் பதினோரு விநாடியைச் சிலர் தாண்டுவார்கள், சிலர் தாண்டமாட்டார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் துடியலூரில் ஒரு சமையல் கான்ட்ராக்டர் தாண்டவில்லை. ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார். அப்போது கனெக்டர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த கோகிலவாணிதான் அவருடைய பம்புக்குள் இருந்த பதிவை எடுத்துப் பார்த்தாள். பார்த்த கையோடு உட்கார்ந்து அந்த வரம்பை வரைந்தாள். பம்பு வயரின் முனையில் அடிப்பக்கம் ஒரு மேடு. நெஞ்சுப் பேக்கின் வாயில் மட்டும் அதற்கு ஒரு பள்ளம். ஸ்கூட்டர் பேக்கில் பள்ளம் கிடையாது. தலைகீழாக நின்றாலும் உள்ளே போகாது. தொழிலில் அதை ரிப் என்பார்கள். அந்த ரிப்புக்காக அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எல்லாருக்கும் நிம்மதி.

இப்போது அந்த ரிப் மேல் பக்கம் உட்கார்ந்திருந்தது. மேல் பக்கத்தில் எல்லாப் பேக்குக்கும் ஒரு பள்ளம் உண்டு, தூசி மூடி நகர்வதற்காக. ரிப் சொகுசாக அதில் இறங்கிவிடும். நெஞ்சுப் பேக்கிலும் இறங்கும், ஸ்கூட்டர் பேக்கிலும் இறங்கும். போதாக்குறைக்கு, கம்பெனியில், பழைய அச்சு தேய்ந்ததால் புது அச்சில் முனை வார்த்த இந்த வயரை நெஞ்சுப் பேக்கில் சொருகிப் பொருந்துகிறதா என்று ஐயாயிரம் தடவை சோதித்தார்கள். ஸ்கூட்டர் பேக்கில் பொருந்தாமல் இருக்கிறதா என்று ஒருத்தரும் சோதிக்கவில்லை. பொருந்தாதே, அதை எதற்குச் சோதிக்க?

மறுநாள் காலை அவள் குறிச்சிக்குப் போனாள். அச்சு வெட்டிக் கொடுக்கும் குப்புராஜின் பட்டறை அங்கேதான். அறுபது வயது மனிதர். அவர் வெட்டிய அச்சில் ஒரு மயிரிழை தப்பு வந்ததாக அந்தத் தொழிற்பேட்டையில் யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லவிட்டதில்லை.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. காப்பித்தண்ணி குடிக்கறீங்களா?"

"ரிப் எப்படிங்ணா மேல போச்சு?"

"நீங்கதானுங்களே மேல போடச் சொன்னீங்க."

அவர் எழுந்து போய் வரைபடத்தை எடுத்துவந்து மேஜையில் விரித்தார். படத்தில் ரிப் அடிப்பக்கம் இருந்தது. பக்கத்திலேயே குறிப்பு, கோகிலவாணி டைப் செய்தது: 'ரிப்: மேல் மட்டும்.'

பட்டறை வரைபடங்களில் குறிப்பெல்லாம் தமிழில் இருக்கவேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன் விதி வந்தது. நல்ல விதிதான். கலைச்சொல் பட்டியல் தயாரிக்க ஒரு குழுவும் போட்டார்கள். சொருகுகிற முனைக்கு ஆண், வாங்குகிற முனைக்குப் பெண் என்று பட்டறைகளில் காலங்காலமாகப் புழங்குகிற சொல்லைத்தான் முதலில் எழுதினார்கள். குழுவில் ஒரு பெரியவர் மறுத்துவிட்டார். எது எதற்குள் போகிறது என்பதை ஆணும் பெண்ணுமாக அரசாங்கக் காகிதத்தில் எழுதுவது கண்ணியமாக இல்லை என்றார். சரி, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்று முடிவானது. ஆகவே ஒன்று மேல், இன்னொன்று ஃபிமேல். தமிழில் ஏற்கெனவே ஒரு மேல் இருக்கிறது என்பது குழுவில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அண்ணா, இது மேல் இல்லீங்ணா. மேல். ஆண் முனை. சொருகற வயர்ல மட்டும் ரிப்பு வேணும், இன்னொரு பாதியில வேண்டாம்னு எழுதியிருக்கேன்."

"அட கடவுளே." குப்புராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குச் சந்தேகம் வந்துதுங்க அம்மிணி. படத்துல கீழ இருக்குது, எழுத்துல மேலன்னு இருக்குது. படத்துக்கும் எழுத்துக்கும் சண்டை வந்தா எழுத்துத்தான் செல்லும்னு உங்க காண்ட்ராக்ட்லயே போட்டிருக்குதுங்க. இருந்தாலும் மனசு கேக்காம உங்களுக்குப் போன் போட்டனுங்களே!"

போட்டிருந்தார். ஒப்பந்தப்படி பேச்சும் பதிவாகியிருந்தது. அவர் அதைப் போட்டுக் காட்டினார்.

'அம்மிணி, ரிப்பு மேல் தானுங்களா?'

'ஆமாங்ணா, மேல் தான்.'

'கீழ வேண்டாமுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அச்சு வெட்டினா வெட்டினதுதான்.'

'மேல் மட்டும் போதுங்ணா. சந்தேகமே வேண்டாம்.'

'சரிங்க அம்மிணி. மேலயே போட்டுடறனுங்க.'

ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு பொறுப்பாகப் பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவே அருமையாக இருந்தது. பட்டறையில் ஏதோ ஒரு இயந்திரம் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை வயரு போயிருக்குதுங்க?" என்று கேட்டார் குப்புராஜ்.

"நாலு மாசத்துல பதினெட்டாயிரம்."

"என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்களா அம்மிணி?"

"தெரியலீங்ணா."

"தெரியலீன்னு சொல்லாதீங்க. இல்லீன்னு சொல்லுங்க. பொய்யாவாச்சும் சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. காப்பியையும் குடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் இரண்டில் ஒன்றையாவது செய்திருக்கலாம் என்று தோன்றியது.

கம்பெனியில் மேலாளர் ஜெபசிங்கிடம் விஷயத்தைச் சொல்வதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு பம்பும் தனக்கு எந்தப் பேக்கிலிருந்து மின்சாரம் வந்தது என்பதைத் தன்னுள் பதிந்துவைக்கும். அந்தப் பதிவுகளை இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தாள். எடுத்தபின் அவற்றை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

ஜெபசிங் கெட்ட மனிதரில்லை. குரலை உயர்த்தாமல் பேசுவார். "சரி, சட்டுன்னு முடிச்சிடலாம்," என்றார். "பட்டறைக்காரர் தப்பாப் படிச்சுட்டார். வயரை எல்லாம் திரும்ப வாங்கி, ரிப்பைக் கீழ வெச்சுக் குடுப்போம். இன்ஷூரன்ஸ் இருக்கு. யாராவது செத்திருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்லீங்க சார். நாலு மாசத்துல முந்நூத்திப் பன்னெண்டு தடவை ஸ்கூட்டர் பேக்கைச் சொருகியிருக்காங்க. மூணு தடவை பம்பு நின்னு ஓடியிருக்கு. மூணு பேருமே பொழச்சுட்டாங்க."

"தேங்க் காட்."

"சார், பழைய வயரையும் பாத்தேன். ரிப்பு சரியா கீழ இருக்கற வயரு. அதே நாலு மாசத்துல பேக்கு தீர்ந்துபோய்ப் பதினாலு பேர் செத்திருக்காங்க."

"அது வருஷா வருஷம் நடக்கிறதுதானே?"

"அதுல ஆறு பேர் பக்கத்துல ஸ்கூட்டர் நின்னிருக்கு சார், போலீஸ் ரிப்போர்ட்ல இருக்கு. ஒருத்தர் ஸ்கூட்டர் ஷோரூம்லயே வேலை பாத்தவரு. சுத்தி நாப்பது பேக்கு. எதுவும் உள்ள போகலை."

ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோகிலா, தெளிவாச் சொல்லிடறேன். பொருந்தினதால ஒருத்தர் செத்தா அது நம்ம கனெக்டர் பண்ணின கொலை. பொருந்தாததால செத்தவங்களுக்கு நம்ம கனெக்டர் பொறுப்பில்லை. ஏன்னா அவங்க கனெக்டரை யூஸ் பண்ணவே இல்லை."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. அதை அவள் ஆறு வருஷமாக ஒப்புக்கொண்டு சம்பளமும் வாங்கியிருந்தாள்.

அன்று மாலை பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைக் கோ கோ விளையாடவிட்டுவிட்டு விசிலோடு நின்றிருந்தான் தரணிதரன். தொண்டாமுத்தூர் அரசுப் பள்ளியில் அவன் உடற்பயிற்சி ஆசிரியர். பம்பு வைத்தபிறகு ஓடுவதில்லை, ஓடச் சொல்வதோடு சரி. கோகிலவாணி அவன் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றான் அவன். "வடவள்ளில நான் செத்திருந்தா, யாரு மேல கேஸு?"

"யாரு மேலயும் இல்லீங்க."

"அப்ப யாரு கொன்னது?"

"யாரும் கொல்லலை. பேக்கு தீர்ந்துபோச்சுன்னு எழுதுவாங்க."

"நீ வெச்ச ரிப்பு?"

அவள் அவன் இடுப்பில் இருந்த பேக்கைப் பார்த்தாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலை கோகி. அந்தச் சமையல்காரரு செத்தப்ப நீ மூணு நாள் சோறு திங்கலை, எனக்குத் தெரியும். ஆனா அவரு பேரு உனக்குத் தெரிஞ்சுது. இந்த ஆறு பேரு பேரு தெரியுமா?"

"தெரியும்," என்றாள் அவள். "ரெண்டு நாளாத் தெரியும்." சொல்லிவிட்டு மைதானத்தில் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அழுதாள். தரணிதரன் விசிலை ஊதி எல்லாரையும் மறுபக்கம் பார்த்து ஓடச் சொன்னான்.

கம்பெனி கொடுத்த புகாரின் மேல் விசாரணை பீளமேட்டில், மின்கலப் பாதுகாப்பு ஆணையத்தின் கிளை அலுவலகத்தில் நடந்தது. விசாரித்தவர் மெஹருன்னிசா என்ற அதிகாரி. ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. மேஜையின் ஒரு பக்கம் ஜெபசிங்கும் கோகிலவாணியும், எதிர்ப்பக்கம் குப்புராஜ். அவர் வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு, உறவுக்காரர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்போல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மெஹருன்னிசா தொலைபேசிப் பேச்சை நான்கு தடவை போட்டுக் கேட்டார். நாலாவது தடவை முடிந்ததும் மூக்கைச் சொறிந்துகொண்டார். சிரிப்பை அடக்கத்தான் அப்படிச் செய்தாரா என்று யாருக்கும் தெரியாது.

"எனக்கு ஒரே கேள்விதான்," என்றார். "இந்த வரைபடத்துல மேல்ங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? வரைஞ்சவங்கதான் சொல்லணும். ஆண் முனைன்னு சொன்னீங்கன்னா இது பட்டறையோட தப்பு. வயரை எல்லாம் திரும்ப வாங்கிடணும், பட்டறை லைசென்ஸ் போயிடும், மேற்கொண்டு வழக்கு. மேல் பக்கம்னு சொன்னீங்கன்னா தப்பே நடக்கலை. வரைஞ்சபடி வந்திருக்கு."

"ஆண் முனைதான் மேடம்," என்றார் ஜெபசிங்.

"வரைஞ்சது நீங்களா சார்?"

"இல்லை."

"அப்ப அவங்க சொல்லட்டும். அம்மா, அவசரப்படாதீங்க. மேல் பக்கம்னு சொன்னா, ஸ்கூட்டர் பேக்கு பொருந்தும்னு தெரிஞ்சே வடிவமைச்சேன்னு அர்த்தம். வடிவமைப்பாளர் பொறுப்புன்னு ஒரு படிவம் இருக்கு, கையெழுத்துப் போடணும். இனிமே ஸ்கூட்டர் பேக்குல ஓடி பம்பு நின்னு யார் செத்தாலும் அது உங்க பேர்ல ஏறும். கம்பெனி பேர்ல இல்லை, உங்க பேர்ல. ஒவ்வொரு தடவையும் நீங்களே அந்த வீட்டுக்கு நேர்ல போய் என்ன நடந்ததுன்னு சொல்லணும். வக்கீலை அனுப்ப முடியாது. ஒரே வருஷத்துல மூணு ஆச்சுன்னா உங்க மேல வழக்கு. புரியுதா?"

"புரியுதுங்க மேடம்."

"பொருந்தாம வெச்சா?"

"பொருந்தாம வெச்சா யார் பேர்லயும் ஏறாதுங்க."

குப்புராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் கோகிலவாணி அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். புருஷன் பிழைத்த நன்றிக்காகச் சொன்னாள் என்றும் பேசிக்கொண்டார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது ஷோரூம்காரர். நாற்பது பேக்குகளில் எத்தனையைச் சொருகிப் பார்த்திருப்பார் என்றுதான் யோசித்தாள். பதிவில் பொருந்தாத முயற்சிகள் ஏறாது.

"மேல்னா மேல் பக்கம்தாங்க மேடம்," என்றாள். "வரைஞ்சபடிதான் வந்திருக்கு. படத்தைத்தான் நான் தப்பாப் போட்டுட்டேன்."

ஜெபசிங் அவளைத் திரும்பிப் பார்த்தார். குப்புராஜ் நிமிர்ந்தார். மெஹருன்னிசா படிவத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தார். ரொம்ப நாள் யாரும் கேட்காத படிவம்போல; ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது.

"நல்லா யோசிச்சீங்களா?"

"இல்லீங்க. யோசிச்சா போடமாட்டேன்."

வாசலில் குப்புராஜ் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வந்து, பெண்பிள்ளையாயிற்றே என்று கூச்சப்பட்டு, கும்பிட்டார். "எதுக்குங்க அம்மிணி உங்களுக்கு இந்தத் தலைவலி?" என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

அதன்பின் எல்லா வயரும் மேல் ரிப்போடு வந்தன. டீக்கடைகளிலும் பஸ் ஸ்டாப்புகளிலும் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் ஸ்கூட்டரிலிருந்து பேக்கை உருவி அடுத்தவர் இடுப்பில் சொருகினார்கள். பேக்கு தீர்ந்து செத்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. பிழைத்தவர்கள் டீ மாஸ்டர்களுக்கும் ஸ்கூட்டர்காரர்களுக்கும் நன்றி சொன்னார்கள், சிலர் பழனிக்கு நடந்தார்கள். ஒருத்தரும் கனெக்டர் வரைந்தவளைத் தேடி வரவில்லை. நல்லபடியாகப் பொருந்துகிற எதையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. தபால் வரும்போதெல்லாம் ஆணையத்தின் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

ஒன்பதாவது மாதம் இருந்தது.

சென்னியப்பன், வயது ஐம்பத்தெட்டு, பல்லடம். தறிப் பட்டறை வைத்திருந்தவர். உடன் பம்பின் பதிவும் வந்திருந்தது. கோகிலவாணி அதை மூன்று தடவை படித்தாள். அன்றைக்கே கிளம்பினாள். தரணிதரன் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். இடுப்பில் பேக்கோடு ஒரு மனிதன் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடாது.

காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தறிகள் நின்றிருந்தன. அவர் மனைவி உள்ளறையில் படுத்திருந்தார், எழவில்லை. மகள்தான் வந்து உட்கார்ந்தாள். இலக்கியா என்று பேர், இருபத்திரண்டு வயது. அழுது முடித்த முகம்.

"நான்தான் அந்தக் கனெக்டரை டிசைன் பண்ணினேன்," என்றாள் கோகிலவாணி. "என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்கு வந்திருக்கேன்."

"சொல்லுங்க."

சொன்னாள். பேக் தீரும் நிலையில் இருந்தது. ஸ்கூட்டர் பேக்கைச் சொருகியிருக்கிறார்கள். வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேகத்தடையில் தொடர்பு விட்டது. பம்பு நின்றது. பதினோரு விநாடி. அவள் அதிகாரிபோல் பேசப் பார்த்தாள், முடியவில்லை.

"பழைய பேக்குல எவ்வளவு நேரம் மிச்சம் இருந்துச்சுங்க?" என்று கேட்டாள் இலக்கியா.

"ஒன்பது நிமிஷம்."

"ஆம்புலன்ஸு?"

"நாலு நிமிஷத்துல நெஞ்சுப் பேக்கோட உங்க வாசலுக்கு வந்திருக்கு."

"அப்ப ஸ்கூட்டர் பேக்கு பொருந்தாம இருந்திருந்தா, அப்பா பொழச்சிருப்பாரா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று கோகிலவாணிக்கு அப்போது புரியவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று விதி, சொல்ல அவளுக்கு மனமும் இல்லை. "ஆமா," என்றாள். "பொழச்சிருப்பார்."

இலக்கியா தலையாட்டினாள். தனக்குத் தெரிந்ததையே வாத்தியாரும் சொன்னதுபோல் மெதுவாகத் தலையாட்டினாள்.

"என்ற ஸ்கூட்டருங்க," என்றாள். "நான்தான் உருவிட்டு வந்து சொருகினேன். புதுசைச் சொருகிட்டு, பழசு கீ கீன்னு கத்திட்டே இருந்துதுன்னு அதைக் கழட்டிட்டேன். சத்தம் தாங்கலை. ஆம்புலன்ஸு வருதுன்னு அம்மா சொன்னாங்க. பேக்குதான் போட்டாச்சே, எதுக்கு நிக்கோணும், வேன்லயே கூட்டிட்டுப் போயிரலாம்னு நான்தான் சொன்னேன்."

பதிவில் சொருகிய நேரம் இருந்தது, கழற்றிய நேரம் இருந்தது. யாருடைய கை என்று இல்லை.

"நான் கொன்னுட்டேன், இல்லீங்களா?" என்றாள் அந்தப் பெண். குரலே எழுப்பாமல், வீட்டில் சர்க்கரை இல்லை என்பதுபோல் சொன்னாள்.

"இல்லை."

"நீங்கதான இப்பச் சொன்னீங்க."

"இலக்கியா, இங்க பாரு." கோகிலவாணி கைப்பையிலிருந்து படிவத்தின் நகலை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "இது யார் பேரு, படி."

"கோகிலவாணி."

"ஸ்கூட்டர் பேக்கு பொருந்தாம இருந்த வயரைப் பொருந்தற மாதிரி விட்டது நான். வேகத்தடையில நிக்கும்னு எனக்குத் தெரியும். ஒருநாள் ஒருத்தர் சாவாங்கன்னும் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். உனக்கு அது எதுவுமே தெரியாது. உங்கப்பாவுக்கு மூச்சு நிக்கப்போகுதுன்னு கையில கெடச்சதைச் சொருகினே, அவ்வளவுதான். எந்தப் பொண்ணும் அதைத்தான் பண்ணும். நான் அதுக்குத்தான் பொருந்த வெச்சேன்."

இலக்கியா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

"தெரிஞ்சேவா?" என்றாள்.

"தெரிஞ்சேதான்."

"சாவாங்கன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டுட்டு, இப்ப வீட்டுக்கே வந்து உக்காந்து சொல்றீங்க."

"ஆமா."

"அந்த ஒருத்தர் எங்கப்பாவா இருக்கணுமா?" அவள் எழுந்துவிட்டாள். காகிதம் கீழே விழுந்தது. "வேற யாருமே கெடைக்கலையா உங்களுக்கு? நீங்க நல்லா இருப்பீங்களா? உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தாத் தெரியும்! எந்திரிங்க. வெளிய போங்க. போங்கன்னா!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தாய் ஓடிவந்தார். "ஏம்புள்ள, என்னாச்சு?" என்று மகளைப் பிடித்தார். மகள் அவர் தோளில் விழுந்து, "இவங்கதாம்மா, எல்லாம் இவங்கதான்" என்று ஓங்கி அழுதாள். அப்பா போன நாளிலிருந்து அவள் யாரிடமும் அப்படி வாய்விட்டு அழவில்லை என்பது, தாய் அவளைக் கட்டிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

கோகிலவாணி குனிந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பைப் போடும்போதும் உள்ளேயிருந்து அவளைத் திட்டுகிற சத்தம் கேட்டது. திட்டு நின்றுவிடக் கூடாதே என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். திட்டு நிற்கவில்லை. இன்னும் பலமாகத்தான் கேட்டது. அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.